பிக்கப் வண்டியில் இன்ஜெக்டர் சத்தமா? 60,000 ரூபாய் லோன் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

செகண்ட் ஹேண்ட் கமர்ஷியல் வண்டி வாங்கலாமான்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதைப் பார்த்துட்டு சோழவந்தான் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்குச் சென்னையில வேலை. ஊர்ல அப்பா பொலேரோ பிக்கப் வச்சு வெற்றிலை, வாழை, தேங்காய் லோடு அடிக்கிறார். ஒரு மாசமா எஞ்சின்ல ‘டக் டக்’னு சத்தம். மெக்கானிக் கேட்டுட்டு, "நாலு இன்ஜெக்டரும் போச்சு, 60,000 ஆகும்"னு சொல்லிட்டாராம். தம்பியோட கேள்வி: "பர்சனல் லோன் எடுக்கவா, எஃப்டியை உடைக்கவா?"

ரெண்டும் இப்போதைக்கு வேண்டாம். "எந்த இன்ஜெக்டர், எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது?"ன்னு முதல்ல கேளுங்க. சத்தம் ஒரு அறிகுறிதான். அதை மட்டும் வச்சு நாலு இன்ஜெக்டர் வாங்குறது, இருமல் வந்த உடனே நேரா ஆபரேஷனுக்குப் போற மாதிரி.

கொஞ்சம் மெக்கானிசம் பார்த்துடுவோம், பணம் எங்க போகுதுன்னு அப்பத்தான் புரியும். காமன் ரயில் டீசல் எஞ்சின்ல ஒரு பம்ப் டீசலை அழுத்தி ஒரு பொதுக்குழாயில வைக்கும். லோடு இழுக்கும்போது அந்த அழுத்தம் 1,000 பாருக்கு மேல போகும். உங்க கார் டயர்ல இருக்கிறது சுமார் 2 பார். இன்ஜெக்டர் ஒவ்வொண்ணும் அந்த டீசலை மில்லி செகண்ட் கணக்குல திறந்து மூடி உள்ள தெளிக்குது. அதனால லேசான ‘டிக் டிக்’ இருக்கத்தான் செய்யும். மெயின் தெளிப்புக்கு முன்னாடி துளியூண்டு டீசலை விட்டு எரிதலை மென்மையாக்குற பைலட் இன்ஜெக்ஷன்னு ஒண்ணு இருக்கு. தேஞ்ச இன்ஜெக்டர்ல இந்தத் துளி அளவு தவறும்போதுதான் ‘டக் டக்’னு இடி சத்தம் வரும். காலையில குளிர்ந்த எஞ்சின் கொஞ்சம் கத்திட்டு, சூடானதும் அடங்கினா பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. சூடான பிறகும், அதுவும் லோடோட ஏறும்போது இடிச்சா செக் பண்ணியே ஆகணும்.

இப்ப செலவு குறைஞ்சதுல இருந்து ஆரம்பிப்போம். டீசல் ஃபில்டர் எப்ப மாத்தினது? வாட்டர் செபரேட்டர்ல தண்ணி வடிச்சாங்களா? எஞ்சின் ஆயில் லெவல் சரியா? இன்ஜெக்டர் உட்கார்ற இடத்துல கறுப்பா தார் மாதிரி படிஞ்சு ‘சுஸ் சுஸ்’னு காத்து அடிச்சா, அடியில இருக்கிற காப்பர் வாஷர் லீக். இன்ஜெக்டர் விலைக்குப் பக்கத்துல அந்த வாஷர் விலை ஒண்ணுமே இல்லை. சைலன்சர் பக்கம் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக்கும், டேப்பெட் கேப்பும் இன்ஜெக்டர் மாதிரியே ‘டிக் டிக்’னு ஏமாத்தும்.

இதெல்லாம் சரியா இருந்தா அடுத்தது லீக் ஆஃப் டெஸ்ட். எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இது, ஏன்னா கணக்குப் பிள்ளைக்கும் புரியும். ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் டியூபையும் தனித்தனி பாட்டில்ல விட்டு, சில நிமிஷம் எஞ்சினை ஐடில்ல ஓட விடுவாங்க. நாலு பாட்டிலும் ஏறக்குறைய சமமா நிறையணும். மூணு சமமா இருந்து நாலாவது மட்டும் எகிறினா, அந்த ஒண்ணு உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கு. ஸ்கேனர் போட்டா ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்குதுங்கிற கரெக்ஷன் நம்பரும் தெரியும். அந்த ஸ்க்ரீனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.

ஸ்கேனர்லயே ஒரு சிலிண்டரை கட் பண்ணியும் பார்க்கலாம். சத்தம் நின்னா அந்த சிலிண்டர்ல ஏதோ பிரச்சினை. ஆனா இங்க அவசரப்படாதீங்க. கனெக்டிங் ராடு பேரிங் தேஞ்சிருந்தாலும் அந்த சிலிண்டரை கட் பண்ணும்போது சத்தம் குறையும். அதனால சந்தேகப்படுற இன்ஜெக்டரைக் கழட்டி வேற சிலிண்டர்ல மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. சத்தமும் கூடவே போனா இன்ஜெக்டர்தான். சத்தம் பழைய இடத்துலயே இருந்தா பிரச்சினை எஞ்சினுக்குள்ள. அப்ப நாலு புது இன்ஜெக்டர் போட்டாலும் 60,000 போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு லேபர் வாங்கினா சந்தோஷமா கொடுங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள்ல, ஓடும்போதே பைப் நட்டை லூஸ் பண்ணி எந்த சிலிண்டர்னு கண்டுபிடிப்பாங்க. காமன் ரயில்ல அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்துல பீறிடுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். அப்பா பக்கத்துல நின்னு டார்ச் பிடிக்கிற ஆளா இருந்தா, போன்ல இதை முதல்ல சொல்லிடுங்க.

இனி கணக்கு. கீழே வர்ற தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க கொட்டேஷனைப் போட்டுப் பாருங்க. டீசல், டிரைவர் பேட்டா போக வண்டி ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் தருதுன்னு வைப்போம். 60,000ங்கிறது 40 நாள் உழைப்பு. லோனா எடுத்தா 14 சதவீத வட்டி, 12 மாசத்துக்கு ஈஎம்ஐ சுமார் 5,387. அதுவே டெஸ்ட் பார்த்து ஒரு இன்ஜெக்டர் மட்டும், கூட காப்பர் வாஷர், ஃபில்டர், லேபர் சேர்த்து 18,000 ஆகுதுன்னா 12 நாள் உழைப்பு. டீசல் லேப்ல கொடுத்து மூணு நாள் வண்டி நின்னா 4,500 இழப்பு, அதையும் இதோட சேருங்க. 2023ல புவிசார் குறியீடு வாங்கின சோழவந்தான் வெற்றிலையா இருந்தாலும் வண்டி ரெடியாகிற வரைக்கும் வாடாம இருக்காது. அதனால அந்த மூணு நாளைக்கு முள்ளிப்பள்ளத்துலயோ தென்கரையிலயோ தெரிஞ்சவர் வண்டியை முன்கூட்டியே பேசி வைக்கணும்.

இதுக்காக டெஸ்ட்டையே தள்ளிப் போடாதீங்க. ஆயில் டிப்ஸ்டிக்ல லெவல் தானா ஏறி டீசல் வாடை அடிச்சா, அன்னைக்கே வண்டியை நிறுத்துங்க. டீசல் ஆயில்ல கலந்து பேரிங்கைத் தின்னும். ஒழுகுற இன்ஜெக்டர் பிஸ்டனையே உருக்கிடலாம். அப்புறம் வர்ற பில்லுக்கு இந்த 60,000 சின்னதாத் தெரியும்.

இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமான்னு கேட்பீங்க. முடியாது. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது.

வரியில கழிக்கலாமான்னா, ஆர்சி யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அப்பா பேர்ல இருந்தா வருமானம் அப்பாவோடது. நீங்க பில்லு கட்டினாலும் உங்க சம்பளத்துல கழிக்க முடியாது. உங்க பேர்ல இருந்து, 1961 வருமான வரிச் சட்டத்தோட 44ஏஇ பிரிவுல போறீங்கன்னா, பிக்கப் மாதிரி 12 டன்னுக்குள்ள இருக்கிற வண்டிக்கு மாசம் 7,500, வருஷத்துக்கு 90,000 வருமானம்னு காட்டணும். அதைவிட அதிகமா சம்பாதிச்சிருந்தா அதைக் காட்டலாம். எல்லாச் செலவும் அதுக்குள்ளயே அடக்கம், இன்ஜெக்டர் பில்லைத் தனியா கழிக்க முடியாது. 2025-ம் வருஷப் புதிய சட்டத்துல பிரிவு எண் மட்டும் வேற.

லோனுக்குப் பதிலா அடுத்த தடவைக்கு இப்பவே ஒரு தனி அக்கவுண்ட் போடுங்க. கிலோமீட்டருக்கு 1 ரூபாய். மாசம் 2,000 கிலோமீட்டர் ஓடினா வருஷத்துக்கு 24,000 சேரும். ஃபில்டர் செலவும் இதுலதான்.

அப்பாவுக்கு இன்னைக்கு போன் பண்ணும்போது மெக்கானிக்கிட்ட இப்படிக் கேட்கச் சொல்லுங்க: "தம்பி, லீக் ஆஃப் பார்த்தியாப்பா? நாலு பாட்டில்ல எது கூட வந்துச்சு?" புதுசு போட்டா, அது மேல இருக்கிற கோடு நம்பரை ஈசியுல ஏத்தினாங்களான்னு கேட்கணும்; ஏத்தலைன்னா புது இன்ஜெக்டரும் இடிக்கும். பழசைக் கையில வாங்கிக்கணும், பில்லுல பார்ட் நம்பர் இருக்கணும்.