கணனிகளைக் கம்பியால் இணைப்போம்

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைச் சங்கத்தின் ஒரே கணனியில் வைத்திருப்பது, விதைநெல் முழுவதையும் ஒரே மூடையில் கட்டி வைப்பதற்கு ஒப்பானது. ஒரு பத்திரம் தொலைந்தால் என்ன நேரும் என்பதை இடம்பெயர்ந்தவர்களுக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கணனிகளைக் கம்பியால் இணைத்தால் ஒன்றில் உள்ளதை மற்றதிலும் பிரதி செய்து வைக்கலாம். ஒரே அச்சுப்பொறியை எல்லோரும் பாவிக்கலாம். இதற்கு இணையம் தேவையில்லை. மாதக் கட்டணமும் இல்லை.

தேவையான பொருட்கள்

நடுவில் ஓர் இணைப்புப் பெட்டி வேண்டும். கடையில் இதை ‘நெற்வேர்க் சுவிச்’ என்பார்கள். வாய்க்கால் நீரை உரிய வயலுக்குத் திருப்புவது போல, இது ஒரு கணனியின் செய்தியை உரிய கணனிக்கு அனுப்புகிறது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு கணனிக்கும் ஒரு கேபிள் செல்ல வேண்டும். கேபிளினுள் 8 சிறு கம்பிகள், 4 சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். இம்முறுக்கு வெளி மின் இடையூறைக் குறைக்கிறது. முழுச் செம்புக் கம்பியையே கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு. ஆனால் எளிதில் முறியும்.

அமைக்கும் முறை

1. மண்டபத்தின் படத்தைக் கீறி, தூரத்தை அளவுங்கள். ஒரு கேபிள் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது.

2. மின்சாரக் கம்பியிலிருந்து ஓர் அடியாவது விலக்கிக் கொண்டு செல்லுங்கள். கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

3. முனையில் பிளக் பூட்டும்போது இரு முனைகளிலும் நிற ஒழுங்கு ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். முறுக்கை அரை அங்குலத்திற்கு மேல் பிரிக்காதீர்கள்.

4. வீட்டு இலக்கம் போல ஒவ்வொரு கணனிக்கும் தனி இலக்கம் கொடுங்கள்: 192.168.1.11, 192.168.1.12 என்றவாறு. ஒரே இலக்கம் இரண்டுக்கு இருந்தால் இணைப்புக் குழம்பும்.

பராமரிப்பு

ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் இலக்கம் ஒட்டி, ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எலி கடித்த இடங்களை மாதம் ஒருமுறை பாருங்கள். இணைப்பு நின்றால் முதலில் பெட்டியில் உள்ள சிறு வெளிச்சத்தைக் கவனியுங்கள். அது எரியாவிடில் நல்ல கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே பெட்டியில் செருகினால் முழு வலையமைப்பும் முடங்கக்கூடும்.

இடி மின்னல் வருமுன் மின் பிளக்கையும் கேபிளையும் கழற்றி விடுங்கள். வெவ்வேறு கட்டடங்களுக்கிடையே செம்புக் கம்பி இழுப்பது ஆபத்து. அதற்குக் கண்ணாடி இழைக் கேபிளே ஏற்றது.

மறக்கக்கூடாதவை

இரண்டு கணனிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வெள்ளமோ தீயோ இரண்டையும் அழிக்கும். எனவே மூன்றாவது பிரதியை ஒரு நினைவுக்கோலில் வேறிடத்தில் வையுங்கள். மீண்டும் புறப்பட நேர்ந்தால் கணனியைச் சுமக்க முடியாது. நினைவுக்கோலை மடியில் முடிந்து கொள்ளலாம். பிரதி மூலத்திற்கு ஈடாகாது. ஆயினும் உறுதியின் இலக்கமும் திகதியும் கையிலிருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பெற வழியுண்டு. பிறர் பத்திரங்களை எவரும் திறந்து பார்க்காதவாறு கடவுச்சொல்லும் இடுங்கள்.

கலந்துரையாட:

1. நம் சங்கத்தில் எந்தப் பத்திரங்களை முதலில் பிரதி செய்ய வேண்டும்?

2. இவ்வேலையைப் பழகப்போகும் இளைஞர், யுவதி யார்?

3. மூன்றாவது பிரதி யாரிடம் இருக்கும்?