தலையும் காலும்

"எல்லாம் தலையெழுத்து" என்ற சொல்லைக் கேளாத தமிழர் இலர். விளைச்சல் பொய்த்தாலும் தலையெழுத்து. மகன் படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் தலையெழுத்து. அதே நாவில்தான் "வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான்" என்ற பழமொழியும் வாழ்கிறது. முன்னது மனிதனின் பொறுப்பை இறக்கி வைக்கிறது. பின்னது முழுவதையும் அவன் தோளில் ஏற்றுகிறது. இரண்டில் எது சரி? ஜவ்வாது மலையில் பிறந்து, கீழே இறங்கி வந்து இக்கல்லூரியில் பயிலும் எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. விடை தேடும் வழியில் ஆப்பிரிக்க மக்களின் மரபுச் சிந்தனை எனக்குத் துணை செய்தது. அதனை ஈண்டு நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஆப்பிரிக்க மரபு

ஆப்பிரிக்கா பல நூறு இனங்களும் மொழிகளும் கொண்ட பெருங்கண்டம். அதன் சமய மரபுகள் அனைத்தையும் ஒரே கூடையில் போடுவது பொருந்தாது. எனவே நைஜீரியாவின் இரு பெரும் மக்களான யொரூபாக்களையும் இக்போக்களையும் மட்டும் காண்போம்.

யொரூபா மக்கள் ஊழினை 'ஓரி' என்பர். அச்சொல்லுக்குத் தலை என்பதே பொருள்! நம் தலையில் பிரமன் எழுதுகிறான் என்கிறோம். அவர்களோ, பிறக்குமுன் ஒவ்வொருவரும் தம் தலையைத் தாமே தேர்ந்துகொண்டு வருவதாக நம்புகின்றனர். அதோடு நிற்கவில்லை. 'எசே' என்னும் கால், அவர்களிடம் மனித முயற்சியின் அடையாளம். ஒருமுறை தலைகள் எல்லாம் காலை அழைக்காமலே கூடிப் பேசின; எடுத்த முடிவை நிறைவேற்ற இயலாமல் போயிற்று. இப்படி ஒரு கதை அவர்களது இஃபா மரபில் உண்டு. நல்ல தலை வாய்த்தாலும் கால் நடக்காவிடில் ஊர் போய்ச் சேர முடியாது என்பது கருத்து.

இக்போ மக்களிடம் 'சி' என்பது ஒவ்வொருவருக்கும் உரிய தனித்தெய்வம். ஒருவன் ஆம் என்றால் அவனுடைய சியும் ஆம் என்னும் என்பது அவர்கள் பழமொழி. சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட தம் முதல் நாவலில், உழைத்து உயர்ந்த ஒகொன்கோவைக் குறித்து இதனை எடுத்தாள்கிறார். ஆனால் அவனே ஊரை விட்டு விலக நேர்ந்தபோது, இப்பழமொழி எல்லாருக்கும் எப்போதும் மெய்யாவதில்லை என்பதையும் காட்டுகிறார். இக்போக்களின் இன்னொரு பழமொழி இதனை நிறைவு செய்கிறது: ஒரு விரல் தொட்ட எண்ணெய் மற்ற விரல்களிலும் படியும். செய்தவன் ஒருவனே ஆயினும் செயலின் கறை ஊருக்கும் உண்டு.

எங்கள் மலை

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையே நெடுங்காலமாக முதன்மைப் பயிர். அது மழையை நம்பிய பயிர். மழை உழவன் கையில் இல்லை. ஆயினும் விதைக்காத நிலத்தில் எந்த மழையும் சாமையை விளைவிக்காது. இதைவிடத் தெளிவாகத் தலைக்கும் காலுக்கும் உள்ள உறவை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

ஊர் வழக்குகளை ஊர்க்கவுண்டரும் பெரியோரும் கூடி விசாரிப்பது எங்கள் மரபு. தவறு செய்தவன் தண்டம் கட்டுவான். ஆனால் அவனைத் தீர்த்துச் சொல்பவர்களும் அதே ஊரில் அவனோடு வாழ்பவர்களே. அவன் வீட்டுப் பசியும் துக்கமும் அவர்கள் அறிந்தவை. அவர்கள் பழமொழி சொல்லும்போது எண்ணெய் அவர்கள் விரலிலும் இருக்கிறது.

யார் விதைத்தது?

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 தமிழர் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். "வினை விதைத்தவன் அறுத்தான்" என்று சிலர் சொல்லிக் கடந்தனர். "விதி" என்று சிலர் அழுதனர்.

இரண்டுமே பழமொழிக்குச் செய்யும் அநீதி என்பேன். மரம் வெட்டுதல் சட்டப்படி குற்றமே, அதனை மறுக்கவில்லை. ஆனால் வெட்டும் கைக்குப் பின்னால் முன்பணம் கொடுத்து அழைக்கும் தரகன் இருக்கிறான். கடத்தும் வணிகன் இருக்கிறான். கடல் கடந்து விலை கொடுப்பவனும் இருக்கிறான். விதைத்தவர் பலர், உயிரைக் கொடுத்து அறுத்தவர் கூலிக்குச் சென்றவர் மட்டுமே. பழமொழி உண்மையெனில் அறுவடையும் பங்கிடப்பட வேண்டுமன்றோ?

விதி என்று மட்டும் சொல்வதும் தீங்கே. அது அடுத்துப் புறப்படும் இளைஞனின் காலைப் பறித்துவிடுகிறது. முன்பணத்தை வாங்காமலிருக்கவும், தன் ஊரிலேயே நின்று உரிமை கேட்கவும் அவனால் முடியும் என்பதையே மறைத்துவிடுகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர் உழுதுவரும் காட்டு நிலத்துக்கும், காடுபடு சிறுபொருள்களுக்கும் உரிமை கோர வழி செய்துள்ளது. அவ்வழியில் நடக்கவும் கால் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும்.

முடிவுரை

பொறுப்பைப் பற்றிய பழமொழி முதலில் சொல்பவனையே நோக்கிச் சொல்லப்பட வேண்டும் என்பதே நான் கண்ட முடிவு. யொரூபா முதியவர் காலைப் பற்றிப் பேசுவதும், எங்கள் மலைப் பாட்டி தினையைப் பற்றிப் பேசுவதும் தம் பேரப்பிள்ளை வழி தவறாமல் இருக்கவே. விழுந்தவனை மிதிக்க அன்று.

நண்பர்களே! மலையிலிருந்து கல்லூரி வரை வந்தவர் சிலரே. விடுமுறையில் ஊர் செல்லும்போது, உரிமை கோரும் ஒரு விண்ணப்பத்தையேனும் நிரப்பிக் கொடுப்போம். தரகன் சொல்லாத ஆபத்தை ஒரு தம்பிக்கேனும் எடுத்துச் சொல்வோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடத்தைப் பற்றும் கை ஒவ்வொன்றும் தனித்தனிக் கையே.