அடாப்டர் எழுதும்போது பைசாவைக் கவனியுங்கள்

எங்கள் ஆர்டர் கோடு ஒரே பேமென்ட் கேட்வேயை நம்பி எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது கேட்வே வந்ததும் அங்கங்கே இஃப்-எல்ஸ் முளைத்தது. அதைக் களைந்து அடாப்டருக்கு மாறியபோது தெரிந்துகொண்டவை இவை.

முதலில் இன்டர்ஃபேஸ். கேட்வேயின் ஆவணத்தைத் திறக்கும் முன்பே அதை எழுதிவிடுங்கள். ஆர்டர் கோடுக்குத் தேவை மூன்றே மெத்தட்: பணம் வாங்க, திருப்பித் தர, நிலை கேட்க. முதல் கேட்வேயின் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டால், அடுத்தது அதற்குள் அடங்காது.

மெத்தட் பெயரை மாற்றித் தருவது அடாப்டரில் எளிய வேலை. அர்த்தத்தை மாற்றித் தருவதில்தான் கவனம் வேண்டும். ஒரு கேட்வே தொகையைப் பைசாவில் முழு எண்ணாகக் கேட்கும். இன்னொன்று ரூபாயில் கேட்கும். 499.50 ரூபாய் ஒன்றுக்கு 49950, மற்றதற்கு 499.50. மாற்றி அனுப்பினாலும் கம்பைலர் வாய் திறக்காது. டபுளில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், அதை லாங்காக மாற்றினால் ஒரு பைசா போய்விடும். ஜாவாவில் பிக்டெசிமல்தான் சரி. அதன் லாங்வேல்யூஎக்ஸாக்ட், பைசாவுக்குக் கீழே மிச்சம் இருந்தால் எக்ஸெப்ஷன் வீசும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

டைம்அவுட் இதைவிடச் சிக்கலானது. அதைத் ‘தோல்வி’ என்று ஒருபோதும் மொழிபெயர்க்காதீர்கள். பதில்தான் வரவில்லை, வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போயிருக்கலாம். தோல்வி என்று நம்பி மறுபடி முயன்றால் இரண்டு முறை பிடித்தம் ஆகலாம். அதனால் வெற்றி, தோல்வியோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது நிலையும் உங்கள் இன்டர்ஃபேஸில் இருக்கட்டும். அது வந்தால் ஆர்டர் கோடு நிலையைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

1994-இல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் அடாப்டரை இரண்டு விதமாகக் காட்டுகிறது: இன்ஹெரிட் செய்வது, ஆப்ஜெக்ட்டை உள்ளே வைத்துக்கொள்வது. நான் எப்போதும் இரண்டாவது பக்கம்தான். இன்ஹெரிட் செய்தால் கேட்வேயின் பப்ளிக் மெத்தட்கள் எல்லாம் வெளியே தெரியும். யாராவது நேரடியாக அழைத்துவிடுவார்கள்.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீம்ரீடரைப் பாருங்கள். பைட் உள்ளே போய் எழுத்தாக வெளியே வருகிறது. ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகளில் சார்செட்டைச் சொல்லாமல் விட்டால் சிஸ்டத்தின் இயல்பு அமைப்பையே எடுக்கும். யுடிஎஃப்-8 தமிழ்க் கோப்பு ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் குப்பையாகவும் தெரியும். எந்தப் பதிப்பானாலும் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுவது என் வழக்கம்.

தள்ளுபடி, வரிக் கணக்கு எதையும் அடாப்டருக்குள் விடாதீர்கள். டெஸ்ட்டுகளை இன்டர்ஃபேஸுக்கு ஒருமுறை எழுதி, எல்லா அடாப்டர்கள் மீதும் அதே தொகுப்பை ஓட்டுங்கள். தொகை, டைம்அவுட் இரண்டுக்குமான டெஸ்ட் அதில் கட்டாயம் இருக்கட்டும்.