சி டிரைவ் கணக்கு டேலி ஆகலையா?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. பக்கத்து ரூம் நண்பன் லேப்டாப்பைத் தூக்கிட்டு ஓடி வந்தான். மாடல் ட்ரெயினிங் பாதியில நின்னு போச்சு, சி டிரைவ் சிவப்பா இருக்கு. "டேட்டாசெட் எல்லாத்தையும் போன வாரமே அழிச்சுட்டேன்டா, அப்புறம் எப்படி ஃபுல் ஆச்சு?" இதுதான் அவன் கேள்வி. கையோட ஃபார்மேட் பண்றதுக்கு பென்டிரைவும் எடுத்துட்டு வந்திருந்தான்! நல்லவேளை, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கணக்கு போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதறேன். உங்க லேப்டாப்லயும் இதே நிலைமை வரும், வராம இருக்காது.

முதல்ல ஒரு சின்ன விஷயத்தை முடிச்சுடலாம். 512 ஜிபினு சொல்லி வாங்கின எஸ்எஸ்டி விண்டோஸ்ல 476 ஜிபினு காட்டும். 1 டிபி வாங்கினா 931. கடைக்காரர் ஏமாத்தலை. டிஸ்க் தயாரிக்கிறவங்க ஒரு ஜிபினா நூறு கோடி பைட்னு கணக்கு வைக்கிறாங்க. விண்டோஸ் 1024-ஐ மூணு தடவை பெருக்கி வர்றதை ஒரு ஜிபினு சொல்லுது. அளவுகோல்தான் வேற, இடம் எங்கேயும் போகலை. அதுக்கு மேல ரெக்கவரி பார்ட்டிஷன் மாதிரி சில துண்டுகள் கொஞ்சம் எடுத்துக்கும். இதைத் திருப்பி வாங்க முடியாது, விட்டுடுங்க.

இப்போ நிஜமான கணக்கு. சி டிரைவ் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க. எவ்வளவு யூஸ் ஆகியிருக்குனு குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்து டிரைவுக்குள்ள போய் எல்லா ஃபோல்டரையும் மொத்தமா செலக்ட் பண்ணி, அதுக்கும் ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க. ரெண்டு எண்ணும் ஒத்து வராது. நண்பனோட 475 ஜிபி டிரைவ்ல 468 தீர்ந்திருந்தது. ஃபோல்டர்களைக் கூட்டினா 411தான் வந்தது. மிச்சம் 57 ஜிபி கண்ணுக்கே தெரியலை.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காம எதையும் டெலீட் பண்ணாதீங்க. ஏன்னா பதட்டத்துல நம்ம கை முதல்ல போற இடம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஸ்டோரேஜ் செட்டிங்ஸ்ல டெம்பரரி ஃபைல்ஸ் லிஸ்ட்லயே டவுன்லோட்ஸுக்கும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. எல்லாத்தையும் டிக் பண்ணி ரிமூவ் கொடுத்தா, அங்கே கிடந்த ப்ராஜெக்ட் ஜிப் ஃபைலும் சேர்ந்து போயிடும், ரீசைக்கிள் பின்லயும் தேட முடியாது.

மறைஞ்சிருக்கிறதைப் பார்க்க விஸ்ட்ரீனு ஒரு சின்ன டூல் இருக்கு. வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸும் இதே வேலையைத்தான் செய்யும். விஸ்ட்ரீ ஒவ்வொரு ஃபோல்டரா நுழைஞ்சு பார்க்காம, என்டிஎஃப்எஸ் வச்சிருக்கிற மாஸ்டர் ஃபைல் டேபிளையே நேரா படிக்குது. அதனால சில நொடியில முடிஞ்சுடும். ஆனா அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணணும். இல்லைனா சில ஃபோல்டர்கள் நமக்குக் கதவையே திறக்காது.

ஓட விட்டோம். அந்த 57 ஜிபி ஆள் ஆளா வெளியே வந்தது. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்ங்கிற ஃபோல்டர் மட்டும் 30 ஜிபி. பேஜ் ஃபைல் 10. புரோகிராம் டேட்டா 9. ஹைபர்ஃபில் 6. ரீசைக்கிள் பின்ல 2.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்ல இருக்கிறது ரீஸ்டோர் பாயின்ட்டுகள். அட்மினிஸ்ட்ரேட்டருக்குக்கூட சாதாரணமா திறக்காத ஃபோல்டர் இது. உள்ளே போய் அழிக்கப் பார்க்காதீங்க. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன்ல கான்ஃபிகர் பட்டனை அழுத்தினா ஒரு ஸ்லைடர் வரும், எத்தனை சதவீதம் இதுக்குக் கொடுக்கணும்னு நீங்களே வைக்கலாம். நண்பன் லேப்டாப்ல 10 சதவீதம் இருந்தது. 3-க்கு இறக்கினோம். பழைய பாயின்ட்டுகள் தானா போய், 16 ஜிபி திரும்ப வந்தது. முழுசா ஆஃப் பண்ணாதீங்க. ஏதாவது டிரைவர் சொதப்பினா அன்னைக்குத்தான் இதோட அருமை தெரியும்.

ஹைபர்ஃபில், லேப்டாப் ஹைபர்னேட் ஆகும்போது ரேம்ல இருக்கிறதை எழுதி வைக்கிற ஃபைல். பொதுவா ரேமோட 40 சதவீதம் அளவுல இருக்கும். 16 ஜிபி ரேம்னா 6 ஜிபிக்கு மேல. வேண்டாம்னா அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்னு கொடுத்தா போயிடும். கூடவே ஹைபர்னேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிடும். பையில போட்ட லேப்டாப்ல சார்ஜ் தீர்ந்தா, சேவ் பண்ணாத வேலையும் போகும். அதனால இது உங்க இஷ்டம். விண்டோஸும் லினக்ஸும் ரெண்டும் வச்சிருக்கிறவங்க மட்டும் தாராளமா ஆஃப் பண்ணலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் டிரைவ்ல எழுத விடாம அது வேற ஒரு தலைவலி. பேஜ் ஃபைலைத் தொடாதீங்க. பெரிய சிமுலேஷன் ஓட்டும்போது ரேம் பத்தலைனா காப்பாத்தறது அதுதான்.

சரி, 57-க்கு கணக்கு கிடைச்சாச்சு. ஆனா கையில வந்தது 24 ஜிபிதான். நண்பன் முகம் இன்னும் தெளியலை. மிச்ச 411 ஜிபியையும் பெரிய ஃபைல் மேல வர்ற மாதிரி வரிசைப்படுத்தினோம். முதல் வரியிலேயே ஒத்தை ஃபைல், 118 ஜிபி. பேர் இஎக்ஸ்டி4 டாட் விஹெச்டிஎக்ஸ்.

விண்டோஸுக்குள்ள டபிள்யூஎஸ்எல் வச்சு உபுன்டு ஓட்டறவங்க எல்லாரும் இந்தப் பேரை மனசுல வச்சுக்கோங்க. அந்த உபுன்டு மொத்தமும் குடியிருக்கிறது இந்த ஒரே ஃபைல்லதான். உள்ளே ஃபைல் சேர்க்கச் சேர்க்க இது ஊதிக்கிட்டே போகும். உள்ளே அழிச்சா சுருங்காது! லினக்ஸ் தன்னோட கணக்குல 'இந்த இடம் காலி'னு எழுதிக்கும், அவ்வளவுதான். ஹாஸ்டல்ல பசங்க காலி பண்ணிட்டுப் போனாலும் கட்டடம் அதே சைஸ்லதானே நிக்கும், அந்த மாதிரி. நண்பன் உபுன்டுக்குள்ள டிஎஃப் கொடுத்துப் பார்த்தான். 31 ஜிபிதான் யூஸ்னு காட்டுச்சு. போன வாரம் அழிச்ச டேட்டாசெட்டோட காலி இடத்தைத்தான் விண்டோஸ் இன்னும் சுமந்துக்கிட்டு இருந்தது. டாக்கர் டெஸ்க்டாப் வச்சிருந்தா அதுக்கும் தனியா ஒரு விஹெச்டிஎக்ஸ் இருக்கும், அதே கதைதான்.

ஃபைலை டெலீட் பண்ணிடலாமானு கேட்டான். பண்ணியிருந்தா அவனோட கோடு, ட்ரெயின் பண்ணின மாடல் எல்லாம் அதோட போயிருக்கும். செய்ய வேண்டியது சுருக்கறது. கமாண்டுகளை இங்கே உச்சரிப்புல போட்டிருக்கேன், டைப் பண்றது ஆங்கிலத்துலதான். முதல்ல முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்லயோ கிட்லயோ காப்பி எடுத்துடுங்க. டாக்கர் ஓடினா க்விட் பண்ணுங்க. அடுத்து டபிள்யூஎஸ்எல், ரெண்டு ஹைபன், ஷட்டவுன். பிறகு அட்மினா டிஸ்க்பார்ட்டைத் திறங்க. செலக்ட் விடிஸ்க் ஃபைல், ஈக்வல் குறி, அப்புறம் விஹெச்டிஎக்ஸோட முழுப் பாதை மேற்கோள் குறிக்குள்ள. பாதையை விஸ்ட்ரீல இருந்தே காப்பி பண்ணிக்கலாம். அடுத்த வரி அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி. அடுத்தது காம்பாக்ட் விடிஸ்க், இது கொஞ்ச நேரம் எடுக்கும், நடுவுல மூடாதீங்க. கடைசியா டிடாச் விடிஸ்க், எக்ஸிட்.

டிஸ்க்பார்ட்ல க்ளீன்னு ஒரு கமாண்ட் இருக்கு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. அது குப்பையைக் க்ளீன் பண்ணாது, செலக்ட் ஆன டிஸ்க்கோட பார்ட்டிஷன் விவரத்தையே துடைச்சுடும். இந்த ஜன்னல்ல மேலே சொன்ன வரிகளைத் தவிர வேற எதையும் அடிக்காதீங்க.

காம்பாக்ட் முடிஞ்சப்போ 118 ஜிபி ஃபைல் 34 ஆகியிருந்தது. ஒரே மூச்சுல 84 ஜிபி. மணி ஒன்றரை. ட்ரெயினிங்கை மறுபடி ஓட விட்டுட்டு டீ போடப் போனோம்.

உங்க லிஸ்ட்ல மேலே வர்றது வேறயா இருக்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ காரங்களுக்குப் பழைய எமுலேட்டர்கள், அதை டிவைஸ் மேனேஜர்ல இருந்தே அழிங்க. கிரேடில் கேஷ் போனா மறுபடி டவுன்லோட் ஆகும், ஆனா ஹாஸ்டல் வைஃபையை நம்பி ரிவ்யூ நாள்ல அழிக்காதீங்க. அனகோண்டா வச்சிருந்தா காண்டா க்ளீன், ரெண்டு ஹைபன், ஆல். ஹக்கிங் ஃபேஸ் மாடல்கள் யூசர் ஃபோல்டர்ல டாட் கேஷ்னு ஒரு ஃபோல்டருக்குள்ள சத்தமில்லாம சேர்ந்திருக்கும். டெலிகிராம்ல டவுன்லோட் பண்ணின படங்களைப் பத்தி நான் சொல்லணுமா என்ன.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெருசா தெரிஞ்சா பயப்படாதீங்க. அதுல பல ஃபைல்கள் ஹார்டு லிங்க். ஒரே ஃபைல் ரெண்டு ஃபோல்டர்ல பேர் வச்சிருக்கும், எக்ஸ்ப்ளோரர் ரெண்டு தடவை எண்ணிடும். அதனால நீங்க போட்ட கூட்டல்லயும் சில ஜிபி முன்னே பின்னே இருக்கும். அதைக் கையால அழிச்சா விண்டோஸே எழுந்திருக்காது. குறைக்கணும்னா டிஸ்க் க்ளீனப்ல விண்டோஸ் அப்டேட் க்ளீனப் கொடுங்க. விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டர் இருந்தா அதையும் அங்கேயே எடுக்கலாம், பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போற எண்ணம் இல்லைனா மட்டும்.

முழு லினக்ஸ் காரங்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. டிஎஃப் ஒண்ணு, டியூ வேற ஒண்ணு சொல்லுதா? அழிச்ச ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வச்சிருக்கும். பெரும்பாலும் லாக் ஃபைல். அந்த ப்ராசஸை நிறுத்தினா அடுத்த நொடியே இடம் வந்துடும்.