வலி எங்கே? – "தர்த் கஹாங் ஹை?"

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் பாட்டிமார் வாக்கு. சொல் புரியாமல் பல் போவதும் உண்டு. அது நேராதிருக்கவே இந்தச் சிறு பாடம்.

அன்புத் தோழியரே! சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கும், இராசபாளையம் நூற்பாலைகளுக்கும், கட்டட வேலைகளுக்கும் இன்று பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். அவர்களுள் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி பல் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. கீழ்ப்பல்லின் வலி மேல் தாடையிலும் காதிலும் இருப்பதுபோல் தோன்றுவதுண்டு. ஆகவே கன்னத்தைத் தொட்டுக் காட்டினால் மட்டும் போதாது. சர்க்கரை நோய் உண்டா, ஒவ்வாத மருந்து உண்டா என்று அறியாமல் பல்லை எடுப்பதும் ஆபத்து.

நோயாளியின் மொழியைக் கற்று வைத்தியம் செய்தவர்கள் முன்பே இருந்திருக்கின்றனர். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். இன்று அவர் பிறந்த நாட்டில், ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகளுக்காகப் பல் மருத்துவர்கள் "லே துவேலே?" (வலிக்கிறதா?) என்று கேட்கப் பழகுகின்றனர். பல்லுக்கு ஸ்பானிய மொழியில் 'தியென்தே', இந்தியில் 'தாந்த்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நாம் யானைத் 'தந்தம்' என்பதும் அந்த உறவே. ஆகவே பயப்படாமல் தொடங்குவோம்.

முதல் பாடம்: கேட்பது

1. ஆப் ஹிந்தீ போல்தே ஹைங்? – நீங்கள் இந்தி பேசுவீர்களா? (பெண்களிடம் 'போல்தீ' என்க.)
2. தர்த் கஹாங் ஹை? உங்லீ ஸே திகாயியே. – வலி எங்கே? விரலால் காட்டுங்கள்.
3. கித்னே தின் ஸே? – எத்தனை நாளாக?
4. டண்டா பானீ பீனே ஸே தர்த் ஹோதா ஹை? – குளிர்ந்த நீர் குடித்தால் வலிக்கிறதா?
5. ஷுகர் ஹை? பீ.பீ. ஹை? – சர்க்கரை நோய் உண்டா? இரத்த அழுத்தம் உண்டா?
6. கிஸீ தவா ஸே அலர்ஜீ ஹை? – எந்த மருந்தாவது ஒவ்வாதா?
7. தாந்த் நிகால்னா படேகா. டீக் ஹை? – பல்லை எடுக்க வேண்டியிருக்கும். சம்மதமா?

முதல் கேள்வியை விட்டுவிடக் கூடாது. ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா. வங்காளத்தாரின் மொழி வங்காளி. எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று எண்ணுவது தவறு.

இரண்டாம் பாடம்: விடையைப் புரிந்துகொள்வது

கேள்வியை மனப்பாடம் செய்வது எளிது. விடை புரியாவிட்டால் கேட்டும் பயனில்லை. ஹாங் – ஆம். நஹீங் – இல்லை. ஊபர் – மேலே. நீசே – கீழே. தாயேங் – வலப்பக்கம். பாயேங் – இடப்பக்கம். இரு சொற்களில் கவனம் வேண்டும். 'சார் தின்' என்றால் நான்கு நாள். நம்மைச் 'சார்' என்று மரியாதையாக அழைப்பதாக எண்ணிவிடாதீர்கள்! 'கல்' என்பது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். 'கல் ஸே தர்த் ஹை' என்றால் நேற்றிலிருந்து வலி; 'கல் ஆயியே' என்றால் நாளை வாருங்கள்.

மூன்றாம் பாடம்: வாய் திறந்த பின்

"மூங் கோலியே" (வாயைத் திறங்கள்) என்று சொன்ன பிறகு யாராலும் பேச முடியாது. தமிழரும் அப்போது ஊமைதான். எனவே தொடங்குமுன்பே, "தர்த் ஹோ தோ பாயாங் ஹாத் உடாயியே" – வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள் – என்று சொல்லிவிட வேண்டும். கை உயர்ந்தால் வேலையை நிறுத்த வேண்டும். சொன்ன சொல்லைக் காத்தால்தான் நோயாளிக்கு நம்பிக்கை பிறக்கும்.

பல் எடுத்த பின்: "ஆதா கண்டா ரூயீ தபாகர் ரக்கியே" – அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்திருங்கள். "ஆஜ் குல்லா மத் கீஜியே" – இன்று வாய் கொப்பளிக்காதீர்கள்.

இந்தச் சில வாக்கியங்கள் அவசரத்துக்கு மட்டுமே. பெரிய சிகிச்சையை விளக்க இரு மொழியும் நன்கறிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். நம் வகுப்பில் படிக்கும் வடநாட்டுச் சிறுமியைப் பள்ளியை விட்டு அழைத்துச் சென்று, தாயின் நோயை அவள் வாயால் சொல்ல வைப்பது நியாயமன்று. தவறாகச் சொல்லிவிட்டால் அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும்!

தோழியரே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆவீர்கள். வந்தவரின் மொழியில் இரண்டு சொல் பேசுங்கள். அவர் திரும்பும்போது 'வலிக்குது', 'வலிக்கலை' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த முறை அவரே தம் வலியைச் சொல்லிவிடுவார்.

பயிற்சி: இந்தி தெரிந்த ஒருவரிடம் இவ்வாக்கியங்களை ஒலித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பின் ஒருத்தி மருத்துவராகவும் மற்றவள் நோயாளியாகவும் நடித்துப் பழகுங்கள். நோயாளி வாய் பேசலாகாது. கை மட்டுமே உயர்த்தலாம்.