மூத்தவர் வேண்டாம், வேலை பார்ப்பவர் வேண்டும்

எழுமலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வயதிலேயே உயில் எழுத நினைத்திருப்பது நல்ல காரியம். “இப்பவே எதுக்கு இந்தப் பேச்சு?” என்று உன் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சமாதானம் சொல்லிவிட்டேன். ஆனால் என்னை உயில் நிறைவேற்றுநராகப் போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். கோபப்படாமல் காரணத்தைக் கேள்.

நம் பக்கத்தில் இந்த இடத்துக்கு ஆள் தேடும்போது, குடும்பத்தில் மூத்தவர் யார், யார் பெயரைப் போட்டால் கௌரவம் என்றுதான் பார்க்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அது பொருந்தும். உயிலில் வருகிற பெயர் வேலை பார்க்க வேண்டிய பெயர். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, நீ போன பிறகு உன் சொத்து முதலில் வந்து நிற்பது நிறைவேற்றுநர் பொறுப்பில். ஈமச் சடங்குச் செலவை முதலில் கொடுக்க வேண்டும். கடைசி 3 மாதத்தில் உன்னிடம் வேலை பார்த்தவர்களின் கூலி பாக்கி, மற்ற கடன்களுக்கு முன்னால் நிற்கிறது. திருப்பூரில் உன் யூனிட்டில் தைக்கிற பிள்ளைகளை நினைத்துப் பார். அதன் பிறகு பேங்க் கடன், நூல் கடைப் பாக்கி. இத்தனையும் தீர்த்து மிஞ்சியதைத்தான் உயிலில் சொன்னபடி பிரித்துக் கொடுக்க முடியும். உயில் செல்லும் என்று கோர்ட் தருகிற சான்றான புரோபேட் வாங்கினால், 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். படியேறினாலே மூச்சு வாங்குகிற என்னால் இது ஆகுமா?

பச்சையப்ப முதலியாரைக் கேள்விப்பட்டிருப்பாய். தர்மத்துக்கென்று உயில் எழுதி, பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, 1794இல் திருவையாற்றில் கண்ணை மூடினார். பிறகு வழக்கு, இழுபறி. சென்னையில் அன்றிருந்த சுப்ரீம் கோர்ட் தலையிட்டு ஒழுங்கு செய்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். கோடீசுவரர் உயிலுக்கே அந்த நிலை. எழுதியவர் மனம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. எழுதியது நடக்க வழியும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

என்னை விட்டால் உன் அண்ணன் என்று நினைப்பாய். அவன் தங்கமானவன்தான். ஆனால் ஊரில் இருக்கிற கிணற்றடி நிலம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அதில் உன் பங்கை மட்டும்தான் நீ உயிலில் எழுத முடியும். நாளைக்கு அந்தப் பங்கு எதுவரை என்று பேசும்போது, ஒரு பக்கம் அவனே நிலத்துக்காரன், மறுபக்கம் உன் பிள்ளைகளுக்காகப் பேச வேண்டியவனும் அவனே. நல்ல மனுஷனை அந்தச் சங்கடத்தில் நிறுத்தாதே. உன் சொத்தோடு வரப்புப் பகிர்கிறவரும், உனக்குக் கடன் கொடுத்தவரும், உன்னிடம் கடன் வாங்கியவரும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரியைப் போடு. யூனிட் கணக்கு முழுக்க அவள் கையில்தான் ஓடுகிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உன்னைவிட அவளுக்குத் தெரியும். சொத்து வாங்குகிறவரே நிறைவேற்றுநராக இருக்கச் சட்டத்தில் தடை இல்லை. உனக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பாளரும் அவள்தான். அவளால் முடியாமல் போனால் என்று இரண்டாவது பெயர் ஒன்றையும் கட்டாயம் எழுது. உன்னைவிட வயது குறைந்தவராக, திருப்பூரிலேயே இருப்பவராக, கணக்கு எழுதத் தெரிந்தவராகப் பார். பெயரே இல்லாவிட்டாலும் உயில் செல்லும். ஆனால் கோர்ட்டுக்குப் போகிற நிலை வந்தால், நிர்வாகம் யாருக்கு என்பதிலேயே சண்டை தொடங்கும்.

எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடமும் வாய்விட்டுக் கேள். மாட்டேன் என்று ஒதுங்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதை நீ உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. உயிலின் அசல் எங்கே இருக்கிறது, எந்த பேங்கில் என்ன கணக்கு என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுத்து வை. பேங்கில் நாமினி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதே. நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

சாட்சி இருவருக்கும் இதே யோசனைதான். உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அங்கேயும் என்னைக் கூப்பிடாதே, இளவட்டமாகப் பார். பதிவு கட்டாயம் இல்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்துவிடு. பின்னால் ‘இது அவர் எழுதியதே இல்லை’ என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

முதலில் உன் வீட்டுக்காரியிடம் பேசிவிட்டு எனக்கு போன் பண்ணு. வரைவு எழுதியதும் அனுப்பு, வரி வரியாகப் படித்துத் திருத்தித் தருகிறேன். அந்த வேலை இன்னும் என்னால் ஆகும்.

இப்படிக்கு,
உன் மாமா