கணினியின் நிலைப்பொருளைப் புதுப்பித்தலும் மூலப்பிரதியை மீளப் பதித்தலும்

கமக்காரரின் வயற்பதிவும் பசளைப் பட்டியலும் இன்று பல கந்தோர்களிற் கணினியிலேயே பேணப்படுகின்றன. கணினி பழுதுற்றாற் போகவேலையும் தடைப்படும். ஆகவே அதனைத் திருத்தும் முறையை யாவரும் அறிந்திருத்தல் நன்று.

நிலமும் விதையும்

நிலைப்பொருள் என்பது தாய்ப்பலகையிலுள்ள சிப்பில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி. ஆளியை அழுத்தியதும் முதலில் இயங்குவது இதுவே. மூலப்பிரதியைப் பதித்தலாவது, தட்டிலுள்ள யாவற்றையும் அழித்து, முன்னரே ஆயத்தஞ் செய்த இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் ஒருங்கே இடுதல். முன்னையது நிலத்தைத் திருத்துவது போன்றது. பின்னையது தூய விதையை இடுவது போன்றது. நிலத்தின் குறை விதையை மாற்றுவதால் நீங்காது.

ஒரு கந்தோரில் நிலைப்பொருளைப் புதுப்பித்த பின், தொடக்கத் தட்டு இல்லை என்ற செய்தி திரையிலே தோன்றிற்று. தட்டே பழுதென்று கருதி நான் மூலப்பிரதியைப் பதித்தேன். ஒரு போகத்தின் பதிவுகள் அழிந்தன. உண்மையில் தொடக்க முறை பற்றிய அமைப்பு ஒன்றே மாறியிருந்தது. அதனை முன்போலாக்கியிருப்பின் சில நிமிடங்களில் வேலை முடிந்திருக்கும்.

தொடங்குமுன் செய்யவேண்டியவை

1. பதிவுகளை வேறொரு தட்டிற் பிரதி செய்து, அப்பிரதி திறக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.
2. தொடக்க ஒழுங்கு, தொடக்க முறை முதலிய அமைப்புகளை எழுதிவைத்தல் வேண்டும். புதுப்பித்தலின்போது இவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பக்கூடும்.
3. தட்டுக்கு பிட்லொக்கர் பூட்டு இருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் குறித்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துக. திறவுகோல் இல்லையேல் பதிவுகளைப் பின்னர் திறக்க இயலாது போகலாம்.
4. அந்த மாதிரிக்கென உற்பத்தியாளர் வெளியிட்ட கோப்பையன்றி வேறொன்றையும் இடலாகாது.
5. யூ.பி.எஸ். மின்கலச் சாதனமின்றித் தொடங்கலாகாது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை நினைவிற் கொள்க. நிலைப்பொருளைப் பாதி எழுதிய வேளையில் மின்சாரம் நின்றாற் கணினி எழாதுபோகலாம்.

பழுதை அறிதல்

புதுப்பித்த பின் விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், நிலைப்பொருளையே முதலில் ஐயுறல் வேண்டும். உற்பத்தியாளர் கூறும் மீட்பு முறையைக் கையாள்க. மூலப்பிரதி இதற்குப் பயன்படாது.

உற்பத்தியாளர் சின்னம் தோன்றித் தட்டு காணப்படாவிடின், குறித்துவைத்த அமைப்புகளோடு ஒப்பிடுக.

சின்னம் தோன்றி, இயங்குதளம் மட்டும் இடையில் நிற்குமாயின், பதிவுகளை வெளியே எடுத்தபின் மூலப்பிரதியைப் பதிக்கலாம்.

நாளும் நேரமும் அடிக்கடி பிழைத்தால், தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலத்தை மாற்றுக. உப்புக்குளம் போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்குமாதலால், அதன் தொடுமுனைகளையும் பார்த்தல் வேண்டும்.

சேவையகத்தை நம்பி இயங்கும் தின் கிளையன்ட் என்னும் சிறு கணினியிற் செய்த மாற்றம் மறுதொடக்கத்தில் மறையுமாயின், அது பழுதன்று. எழுத்துத் தடுப்பு இயங்குகின்றதென்பதே பொருள். அதனை நீக்கிப் புதுப்பித்தபின் மீண்டும் இயக்குக.

கந்தோரிற் பல கணினிகள் இருப்பின் முதலில் ஒன்றிலேயே செய்து, சில நாள் பார்த்த பின்னரே ஏனையவற்றில் தொடங்குக. புதிய நெல்லினத்தை ஒரு பாத்தியிற் பரீட்சியாது வயல் முழுவதும் விதைப்பவர் உண்டோ?